இரண்டாவது மாடிப் பொட்டு விளக்கு

தரைத்தளத்தில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தால் எதிரே லிஃப்ட். அதற்குப் பக்கத்துச் சுவரில் சாம்பல் நிறத்தில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. கட்டடத்தில் எங்காவது புகை வந்தால் கத்துகிற பெட்டி. எல்லாரும் அதைப் பேனல் என்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். அதன் சாவி என் இடுப்புக் கொத்தில் இருக்கிறது.

ஏன் உன்னிடம் என்று கேட்டால், பகலில் வீட்டில் இருப்பவள் நான். மகனும் மருமகளும் காலையில் கிளம்பினால் இருட்டின பிறகுதான் வருவார்கள். வாட்ச்மேன்கள் ஏஜென்ஸி ஆட்கள், முகம் பழகுவதற்குள் வேறு ஒருவர் வந்துவிடுவார். கமிட்டிக்காரர்கள் சாவியை என் மகனிடம்தான் முதலில் கொடுத்தார்கள். அவன் அதை ஆணியில் மாட்டிவிட்டு ஆபீசுக்குப் போனான். நான் ஆணியிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அதன் பிறகு யாரும் திருப்பிக் கேட்கவில்லை, கேட்டாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், எழுதுவதும் அதே வேகம்தான். இங்கிலீஷ் எழுத்து தெரியாது. எண் தெரியும், பேனலுக்கு எண் போதும். மேலே வரிசையாக எண்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சிவப்பு விளக்கு, ஒரு மஞ்சள் விளக்கு. சிவப்பு எரிந்தால் புகை. மஞ்சள் எரிந்தால் எங்கோ ஒயர் விட்டுப்போயிருக்கிறது, அல்லது நாமே அந்த எண்ணை நிறுத்தி வைத்திருக்கிறோம். ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு, கரண்ட் இருக்கிறது என்பதற்கு. கரண்ட் போனால் உள்ளே பேட்டரி இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும்.

பூனா பக்கத்துச் சிஞ்ச்வடில் எங்கள் அடுக்குமாடி சொஸைட்டியில் ஒன்றாம் எண் கார் நிறுத்தும் இடமும் மீட்டர் அறையும். இரண்டாம் எண் முதல் மாடியும் இரண்டாவது மாடியும். அப்படியே இரண்டிரண்டு மாடியாக மேலே போகும். இப்போது வருகிற புதுப் பெட்டிகள் வீட்டு நம்பரையே காட்டுமாம். எங்களுடையது பழைய தினுசு, எண்ணை மட்டும் காட்டும். இரண்டு எரிந்தால் எட்டு வீட்டில் ஏதோ ஒரு வீடு. எந்த வீடு என்று தெரிய மேலே ஏறித்தான் பார்க்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிலைக்கு மேலே சிறிதாக ஒரு விளக்கு வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குள் கூரையில் இருக்கிற வட்டம் புகையைப் பிடித்தால் வாசலில் இது எரியும். நெற்றியில் பொட்டு வைத்த மாதிரி இருப்பதால் நான் பொட்டு விளக்கு என்பேன். மராத்திக்காரப் பெண்கள்கூட இப்போது அப்படியே சொல்கிறார்கள்.

பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனியிலிருந்து வரும் டெக்னீஷியன்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். பட்டன்கள் நாலைந்துதான், வரிசைதான் முக்கியம். பெட்டி கத்தினால் முதல் பட்டன். "சரி, கேட்டாச்சு" என்று பெட்டிக்குச் சொல்கிற பட்டன் அது. கத்தல் நிற்கும், விளக்கு நிற்காது. எந்த எண் என்று பார்க்க வேண்டும். மேலே போய்ப் பொட்டு எரிகிற வீட்டைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ரீசெட்.

"பாக்காம ரீசெட் பண்ணா இன்னா ஆவும்?" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன்.

"பெட்டி மறந்துடும், மாஜி. பொட்டும் அணைஞ்சுடும். எந்த வீடுன்னு அப்புறம் சொல்ல யாருமில்லை" என்றார் அவர்.

அதைப் பிடித்துக்கொண்டேன். பார்க்காமல் ரீசெட் கிடையாது.

இன்னொரு சட்டம் நானே போட்டது. ஹோமம், சத்யநாராயண பூஜை, கணபதி நாட்களில் தூபம் என்று யார் வீட்டிலாவது புகை போடுவதாக இருந்தால் முன்னாடியே வந்து சொல்வார்கள். அந்த எண்ணை மட்டும் நிறுத்தி வைப்பேன். பெட்டி கண்ணை மூடினால் யாராவது ஒருவர் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும், இல்லையா? ஹோமம் முடிந்து சாம்பல் ஆறும்வரை அந்த வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். பிறகு கீழே வந்து எண்ணை எழுப்பிவிட்டுத்தான் என் வீட்டுக்குள் போவேன்.

"காவலுக்கு உக்காருறியா, பாயசத்துக்கு உக்காருறியா?" என்று இரண்டாவது மாடி அக்கா கேட்பார்.

"ரெண்டுத்துக்கும்தான். உங்க வீட்ல போட்டா அதுல முந்திரியும் இருக்கும்" என்பேன்.

இந்த அக்கா திருச்சிப் பக்கத்துக்காரர். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன், ஹைதராபாத்தில் இருக்கிறான். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். நான் வேலூர்ப் பக்கம். என் பேச்சை அவர் விடமாட்டார். "இத்தனை வருஷம் பூனா தண்ணி குடிச்சும் உன் 'இன்னா' போகலையே" என்பார். "உங்க இழுவை மட்டும் போயிட்ச்சா?" என்று நான் கேட்பேன். கட்டடத்தில் தமிழில் வாய் நிறையப் பேச எங்களுக்கு நாங்கள்தான்.

அவர் வீட்டிலிருந்து முதல் தடவை பெட்டி கத்தியது பாலால். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மகனோடு போனில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். பால் வற்றிப் பாத்திரம் கருகிப் புகை கூடத்துக்கு வந்துவிட்டது. அப்போதெல்லாம் பெட்டி சத்தம் போட்டவுடனே எல்லா மாடியிலும் ஹூட்டர் ஊதிவிடும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி, தலையில் துண்டோடு ஒருத்தர், எல்லாரும் கீழே. அக்காவும் கரிப் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்தார். "நான்தான், பால்" என்று எல்லாருக்கும் அதைக் காட்டினார். சிரித்துவிட்டு மேலே போனார்கள்.

கமிட்டிக்கு அது பிடிக்கவில்லை. ஒரு பாத்திரம் பாலுக்கு மொத்தக் கட்டடமும் இறங்க வேண்டுமா என்று செக்ரெட்டரி டெக்னீஷியனைக் கூப்பிட்டார். செக்ரெட்டரி ஓய்வு பெற்ற மராத்திக்காரர், நல்ல மனிதர், அவசரக்காரர். என்னை ஆஜி என்பார், மராத்தியில் பாட்டி. டெக்னீஷியன் பெட்டியைத் திறந்து பட்டன்களை ஏதோ ஒரு வரிசையில் அழுத்தினார். அது ரகசிய எண். விளக்குகள் மாறி மாறிக் கண் சிமிட்டின. இனிமேல் புகை வந்தால் முதலில் பெட்டி மட்டும் இங்கே கத்தும். நான் முதல் பட்டனை அழுத்தினால் போய்ப் பார்த்து வரக் கொஞ்ச நேரம் கொடுக்கும். அழுத்தாவிட்டாலும், அந்த நேரத்துக்குள் ரீசெட் பண்ணாவிட்டாலும் ஹூட்டர் தானாக ஊதும். தீ என்றால் உடைப்பதற்கென்று சுவரில் வைத்திருக்கிற சிவப்பு டப்பாவின் கண்ணாடியை யாராவது உடைத்தால் மட்டும் காத்திருக்காது, உடனே ஊதும்.

"எவ்வளவு நேரம் வைக்கட்டும், மாஜி?"

"என் முட்டியக் கேளு."

கேட்டார். புகை என்றால் லிஃப்டில் ஏறக்கூடாது என்பதால், என்னை இரண்டாவது மாடிவரை படியேறிப் போய்வரச் சொல்லி போனில் நேரம் பிடித்தார். அதைத்தான் பெட்டிக்குள் வைத்தார். அதற்கும் மேலே உள்ள மாடிகளுக்கு வாட்ச்மேன் ஓட வேண்டும் என்று ஏற்பாடு.

தீபாவளிக்கு முன்னால் படிக்கட்டுக்கும் நடைக்கும் பெயின்ட் அடித்தார்கள். பொட்டு விளக்குகளைக் கழற்றிவிட்டு அடித்தார்கள், காய்ந்ததும் மாட்டினார்கள்.

அதற்குப் பிறகு ஒருநாள் காலையில் பெட்டி கத்தியது. இரண்டாம் எண். பட்டனை அழுத்திவிட்டு ஏறினேன். அக்கா வாசலில் பொட்டு எரிந்துகொண்டிருந்தது. பெல் அடித்தேன். கையில் தோசைத் திருப்பியோடு திறந்தார்.

"இன்னாக்கா, கல்லு காஞ்சிபோச்சா?"

"இல்லையே. இப்பதான் கடைசித் தோசை எடுத்தேன்." திரும்பி உள்ளே பார்த்தார். அடுப்பில் கல் இருந்தது, அணைத்துத்தான் இருந்தது. வீட்டில் புகை என்று சொல்ல ஒன்றும் இல்லை, தோசை வாசனைதான். "நானா?" என்றார்.

"பொட்டு உங்க வாசல்லதாங்க்கா எரியுது."

வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். "அப்ப நான்தான் போலிருக்கு" என்றார்.

கீழே வந்து ரீசெட் பண்ணினேன். எந்த வீடு என்று செக்ரெட்டரியிடம் சொல்வது என் வேலை, சொன்னேன். அவர் அக்காவின் மகனுக்குப் போன் பண்ணிச் சொன்னார். சாயங்காலம் நான் மேலே போயிருந்தபோது மகனின் குரல் போனில் உரக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

"அம்மா, பால் ஒரு தடவை, தோசைக்கல் ஒரு தடவை. இன்னொரு தடவை ஆச்சுன்னா நான் கேட்கமாட்டேன். கோயம்புத்தூர்ல அந்த முதியோர் குடியிருப்புல ரூம் பாத்து வெச்சிருக்கேன். வந்து அழைச்சிட்டுப் போயிடுவேன். அங்க நீ சமைக்கவே வேண்டாம்."

போனை வைத்துவிட்டு அக்கா என்னைப் பார்த்தார். "சமைக்கவே வேண்டாமாம். வரம் குடுக்கிற மாதிரி சொல்றான் பாரு."

"போவீங்களா?"

"நான் எதுக்குடி போகணும்? இது என் வீடு."

அப்படிச் சொன்னாலும் அன்றிலிருந்து அவர் பழக்கம் மாறிப்போனது. பேசிக்கொண்டே எழுந்து போய் அடுப்புத் திருகைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். என் வீட்டுக்கு இறங்கி வந்தவர், வாசலில் நின்றபடியே யோசித்துவிட்டு மறுபடி மேலே போவார். வறுவல் நின்றது, அப்பளம் நின்றது. தயிர்சாதம் போதும் என்றார். ஒரு வாரம் போல சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டே தூங்கினார்.

மூன்றாவது தடவை கத்தியது ஒரு முன்மதியம். மறுபடி இரண்டாம் எண். ஏறும்போதே ஊதுபத்தி வாசனை. அக்கா வாசலில் பொட்டு எரிந்துகொண்டிருந்தது.

"இன்னாக்கா வெச்சீங்க அடுப்புல?"

"அடுப்பா? இன்னிக்கு ஏகாதசிடி. அடுப்பே பத்த வைக்கலை." சொல்லி முடித்த வாய் மூடுவதற்குள் முகம் மாறியது. "பத்த வைக்கலைதானே?" என்று சமையலறைப் பக்கம் திரும்பினார்.

நானும் போனேன். ஏகாதசிக்கு முந்தின நாளே அடுப்பைத் துடைத்து அதன்மேல் இழைக்கோலம் போடுவது அவர் வழக்கம். மறுநாள் விரதம் முடிக்கிற பாரணைக்குத்தான் அதைக் கலைப்பார். கோலம் அப்படியே இருந்தது, ஒரு இழைகூடக் கலையவில்லை. பர்னரைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது.

"கோலம் இருக்குது பாருங்க."

"இருக்கு." அவரும் தொட்டுப் பார்த்தார். "சாமிக்கு ஒரு பத்திதான் ஏத்தினேன். அதுவும் விடியகாலைல."

கீழே வந்து ரீசெட் பண்ணினேன். கையை எடுப்பதற்குள் மறுபடி கத்தியது, அதே எண். பட்டனை அழுத்திவிட்டு இன்னொரு முறை ஏறினேன். அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். தலைக்கு மேலே பொட்டு எரிந்துகொண்டிருந்தது.

"நான் இங்கயேதான் நிக்கிறேன். உள்ள யாரு இருக்கா, சொல்லு" என்றார்.

பதில் சொல்வதற்குள் ஹூட்டர் ஊதிவிட்டது. பெட்டிக்குள் வைத்திருந்தது ஒருதரம் போய்வருகிற முட்டியின் நேரம், ஏறி இறங்கிக் களைத்த முட்டிக்கு இரண்டாம் தரம் அது போதவில்லை. எல்லாரும் வெளியே வந்தார்கள். பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருக்கிற சென்னைப் பையனும் கழுத்தில் ஹெட்போனோடு வந்து நின்று அக்கா வாசலைப் பார்த்தான். செக்ரெட்டரி வந்தார். பொட்டைப் பார்த்தார், மூக்கை உறிஞ்சினார்.

"பூஜைப் புகை" என்றார். கோபம் இல்லை, இரக்கம்தான். அக்காவுக்கு அதுதான் பிடிக்கவில்லை.

"அடுப்புல கோலம் கலையல. நானே பார்த்தேன்" என்றேன்.

"நீங்க சொன்னா சரி, ஆஜி. அப்ப மேல இருக்கிற வட்டம் கெட்டுப்போயிருக்கணும், இல்லைன்னா ஊதுபத்தி. ஆனா அவங்க மகன்கிட்ட நான் சொல்லித்தானே ஆகணும்."

சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அம்மாவைத் துணி எடுத்துவைக்கச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது.

டெக்னீஷியனை எப்போது வரச் சொல்லட்டும் என்று செக்ரெட்டரி கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றேன். லீவு நாளாயிற்றே என்றார். நானே போனில் பேசினேன். "இட்லி உண்டு, வெங்காயச் சட்னி உண்டு. புள்ள இருக்கசொல்ல அவன் கண்ணு முன்னாடி பாக்கணும்" என்றேன். டெக்னீஷியன் முனகிவிட்டு வருவதாகச் சொன்னார்.

வந்தார். முதலில் பெட்டியைச் சோதனை முறைக்கு மாற்ற வேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல நானே அழுத்தினேன். இப்படி வைத்தால் ஹூட்டர் ஊதாது. பொட்டு எரிந்து கொஞ்ச நேரத்தில் பெட்டி தானே ரீசெட் ஆகிக்கொள்ளும், ஒவ்வொரு தடவையும் நான் கீழே ஓட வேண்டாம். கட்டடம் முழுக்கப் பெட்டி அரைத்தூக்கத்தில் இருந்ததால் வாட்ச்மேனை அதன் முன்னால் நாற்காலியில் உட்கார வைத்தேன். "எழுந்தா பாரு" என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

அக்காவின் கூடத்தில் இரண்டு பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. மகன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நல்ல பையன்தான், தூக்கம் இல்லாத முகம். டெக்னீஷியன் நீளக் கம்பியின் முனையில் டப்பாவை மாட்டி, கூரையில் இருந்த வட்டத்தில் புகை அடித்தார். நாங்கள் எல்லாரும் நடையில் நின்று அக்கா வாசல் பொட்டையே பார்த்தோம்.

எரியவில்லை.

இன்னும் கொஞ்சம் அடித்தார். எரியவில்லை.

"சொன்னேனே, கெட்டுப்போச்சு" என்றார் செக்ரெட்டரி.

மகன்தான் முதலில் பார்த்தான். "அங்க எரியுது" என்றான்.

பக்கத்து வீட்டு வாசலில், சென்னைப் பையன் நிலைக்கு மேலே, பொட்டு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. டெக்னீஷியன் எட்டிப் பார்த்தார். போய் அந்த பெல்லை அடித்தார். பையன் அரைக்கால் சட்டையில் வந்தான். அவன் கூடத்து வட்டத்தில் புகை அடித்ததும் அக்கா வாசலில் எரிந்தது.

இரண்டு விளக்கையும் கழற்றினார் டெக்னீஷியன். இரண்டு ஒயரும் நடைச் சுவரில் இருக்கிற ஒரே ஒயர் டப்பாவிலிருந்து வருகின்றன. பெயின்ட் அடித்தவர்கள் திரும்ப மாட்டும்போது இதை அதிலும் அதை இதிலும் கொடுத்துவிட்டார்கள். ஒயர் முனையில் பெயின்ட்கூட ஒட்டியிருந்தது.

"அப்ப அந்தப் புகை?" என்று செக்ரெட்டரி பையனைப் பார்த்தார்.

பையன் கொஞ்சம் தமிழும் கொஞ்சம் இங்கிலீஷுமாகச் சொன்னான். ஏசிக்காக ஜன்னலை மூடிவிட்டு உள்ளேயே சிகரெட் பிடிப்பானாம். வீட்டுக்காரருக்கு வாசனை தெரியக்கூடாது என்று ஒரு கட்டு ஊதுபத்தியை மொத்தமாகக் கொளுத்தி வைப்பானாம். "ஸாரி, ஆன்ட்டி. ஐ மீன், எனக்குத் தெரியாது. உங்க வீட்ல லைட் எரிஞ்சதால..."

"ஏகாதசி அன்னிக்கு என் பேர்ல நீ ஹோமம் பண்ணியிருக்கே. நான் மூட்டை கட்டியிருக்கேன்" என்றார் அக்கா.

யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. மகன் பக்கம் திரும்பினார்.

"பால் நான்தான். அதை என்னிக்காவது இல்லைன்னேனா? தோசைக்கல் நான் இல்ல. இது நான் இல்ல."

"சரிம்மா."

"என்ன சரி?"

"ரூம் வேண்டாம்னு சொல்லிடறேன்மா."

அவன் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனான். அக்கா உள்ளே போய்க் கட்டின பெட்டிகளில் ஒன்றைத் திறந்து காபி ஃபில்டரை வெளியே எடுத்தார். அதை முதலிலேயே கட்டிவிட்டிருந்தார், அதனால் காலையிலிருந்து யாருக்கும் காபி இல்லை. டெக்னீஷியன் ஒயர்களை மாற்றி மாட்டினார். இரண்டு வீட்டிலும் மறுபடி புகை அடித்துப் பார்த்தார், அவரவர் வாசலில் எரிந்தது. நான் கீழே போய், உட்கார்ந்தபடியே தூங்கியிருந்த வாட்ச்மேனை எழுப்பிவிட்டு, டெக்னீஷியன் முன்னால் பெட்டியைப் பழைய முறைக்குக் கொண்டுவந்தேன். பச்சை விளக்கு மட்டும் எரிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் இட்லித் தட்டைத் திறந்தேன்.

அக்காவுக்கு மறதியே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பை எந்தப் பக்கம் விட்டோம் என்று தேடுகிறவர்தான். நானும் தேடுகிறவள்தான். ஆனால் இல்லாத மறதியையும் சேர்த்து அவர் தலையில் கட்டியது ஓர் ஒயர். நான் பொட்டைப் பார்த்தேன், செக்ரெட்டரி பார்த்தார், எல்லாரும் பார்த்தார்கள். எரிந்ததைத்தான் சொன்னோம்.

இப்போது டெக்னீஷியன் சோதனைக்கு வரும்போதெல்லாம் வாசல் வாசலாகப் பொட்டைப் பார்க்கிறோம். முன்பு எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் போவார், நான் விடுவதில்லை. இரண்டாவது மாடிக்கு வந்தால் அக்கா கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவார். அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தால் அடுப்பை அணைத்துவிட்டு, கரண்டியோடு வருவார். உள்ளே டெக்னீஷியன் புகை அடிப்பார். அக்கா அண்ணாந்து தன் நிலைக்கு மேலே பார்த்தபடி நிற்பார்.

எரியும்.

"ம், என்னோடதுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போவார்.